விடுபட்ட காட்சி

பதிவாளர் அலுவலகத்தில் பேனாவைக் கையில் எடுத்த மலர்விழி, கையெழுத்துப் போடாமல் அதை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து வெளியே போனாள். ஏன்மானி அந்தக் காட்சியை ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்தது. முப்பத்தொரு தடவைதான் மலர்விழி எழுந்து போனாள். மற்ற தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது தடவையும் ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டு, மாலை மாற்றி, சாட்சிக்கு வந்த நண்பர்களோடு பிரியாணி சாப்பிடப் போய்விட்டாள்.

"முப்பத்தொண்ணு சார்" என்றாள் பூங்கோதை.

எதிரே இருந்த இயக்குநர் மருதவாணன் சர்க்கரை இல்லாத டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, அந்த எண்ணைப் பற்றிக் கவலைப்படாதவர்போல ஜன்னல் வழியாகச் சாலிகிராமத்தைப் பார்த்தார். ஒரு காலத்தில் அவருடைய காதல் படங்களைப் பார்த்துத் தமிழ்நாடே கைக்குட்டை நனைத்தது. அது ஏன்மானி வருவதற்கு முந்தைய காலம்.

ஏன்மானி வந்ததற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஜனங்கள்தான் அதைக் கேட்டு வாங்கினார்கள். படம் விட்டு வெளியே வந்து பைக்கை எடுப்பதற்குள்ளாகவே கைபேசியில் ஆரம்பித்துவிடுவார்கள். அவளுக்கு ஒரு போன் பண்ணியிருந்தால் இரண்டாம் பாதியே தேவையில்லையே, அவன் ஏன் பண்ணவில்லை? ஆறு வருஷம் காத்திருந்தவள் ஆறு நிமிஷம் காத்திருக்க மாட்டாளா? பேய்ப் படத்தில் பேய் எதற்காக வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. காதலிக்கிறவர்கள்தான் அடிக்கு ஒரு காரணம் சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் தரமணியில் நாலைந்து பொறியாளர்கள் உட்கார்ந்து இந்த இயந்திரத்தைக் கட்டினார்கள். ஒரு பாத்திரத்தின் ஊர், வயது, வளர்ப்பு, அது வருகிற எல்லாக் காட்சிகள் என்று கொடுத்தால் அது ஒரு மனதைக் கட்டும். அந்த மனதைக் கொண்டுபோய் ஒரு காட்சியில் நிறுத்தி, இந்த ஆள் இந்த இடத்தில் என்ன செய்வான் என்று ஆயிரம் முறை ஓட்டும். எத்தனை முறை எழுதியபடியே நடக்கிறதோ அதுதான் பொருத்த எண். போஸ்டரில் கதாநாயகன் முகத்துக்குக் கீழே அந்த எண் இருக்கும். எழுநூறுக்குக் குறைந்த படத்தைத் தியேட்டர்காரர்கள் தொடுவதில்லை.

எண் குறைந்த இடத்துக்குப் பெயர் ஓட்டை. அதை அடைப்பது பூங்கோதையின் தொழில். கோடம்பாக்கம் வட்டாரத்தில் அவளைவிட நன்றாக அடைக்கிறவர் இல்லை என்று பேர். ஒரு அழைப்பு, ஒரு பழைய சத்தியம், சரியான இடத்தில் இருமுகிற ஒரு அப்பா, இவை போதும் அவளுக்கு. நானூறில் கிடக்கிற காதலை எண்ணூறுக்குத் தூக்கிவிடுவாள்.

மலர்விழிக்கும் அவள் மூன்று அடைப்புகள் யோசித்து வைத்திருந்தாள். முதல்நாள் மாலை காதலனின் அம்மா மலர்விழியைச் சந்தித்து ஒரு வார்த்தை சொல்வது அதில் சிறந்தது. எண்ணூற்று எழுபது வந்தது. மருதவாணன் அதைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்று தலையாட்டினார்.

"அவ எதுக்கு எழுந்து போனான்னு அவளுக்கே தெரியாதும்மா. படமே அதுதான்."

"தெரியாதுன்னா அது கேரக்டர் இல்ல சார். ஓட்டை."

இதை அவள் தொழில் கண்டிப்போடுதான் சொன்னாள். ஆனால் சொல்லும்போது குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. மருதவாணன் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு, படம் எடுக்கப் போவதில்லை, பரவாயில்லை என்று சொல்லி ஃபைலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவள் கோபம் அவர்மேல் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

அவள் கோபம் ஆவுடையப்பன்மேல். ஆவுடையப்பன் அவள் கணவன். வடபழனியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். சத்தம் போடாத மனுஷன், பூக்காரியிடம்கூடப் பேரம் பேசக் கூச்சப்படுவான். இருபத்திரண்டு வருஷக் குடித்தனம், பிள்ளைகள் இல்லை, அதைப் பற்றி அழுது முடித்தே பத்து வருஷம் ஆகியிருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஒரு பெரியவரின் கண்ணாடிக்குத் திருகு முடுக்கிக்கொண்டிருந்தவன், திருப்புளியைக் கீழே வைத்தான். கடைப் பெண்ணிடம் இதோ வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போனான். நான்காம் நாள் போனில், நன்றாக இருக்கிறேன், தேட வேண்டாம் என்றான். பதினான்கு மாதம் தூத்துக்குடியில் ஒரு உப்பளத்தில் காவலாளியாக இருந்திருக்கிறான். பிறகு ஒரு நாள் காலையில், போன சட்டையோடேயே வாசலில் வந்து நின்றான். பூங்கோதை கம்பிக் கதவைத் திறந்தாள். தோசை ஊற்றினாள். நாலு தோசை சாப்பிட்டான்.

ஏன் போனீங்க என்று அவள் அன்றைக்குக் கேட்கவில்லை. மறுநாள் கேட்டாள். தெரியவில்லை என்றான். அடுத்த வாரம் கேட்டாள், அதற்கும் தெரியவில்லை. தெரிந்தால் உன்கிட்ட சொல்ல மாட்டேனா என்பான், கண்ணில் தண்ணீரோடு. அவன் பொய் சொல்கிறவன் இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. காரணம் இருந்து போனவனை, அந்தக் காரணம் மறுபடி தலைகாட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கலாம். காரணமே இல்லாமல் போனவன் எந்தச் செவ்வாய்க்கிழமையும் போவான். வாராவாரம் செவ்வாய் பதினொரு மணிக்கு, எந்த டிஸ்கஷனில் இருந்தாலும் எழுந்து வராந்தாவுக்குப் போய்க் கடைக்குப் போன் போடுவாள். சாப்பிட என்ன வேண்டும் என்று கேட்பாள். அவன் எடுத்துப் பேசியபிறகுதான் அவளுக்கு மூச்சு வரும்.

மருதவாணன் போன அன்று சாயங்காலம் அவள் ஒரு காரியம் செய்தாள். இந்தத் தொழிலில் இருப்பவர்களைத் தவிர வேறு யாருக்கும் அப்படிச் செய்யத் தோன்றாது என்று அவள் நினைத்தாள். "படம் 41" என்று புதிதாக ஒரு ஃபைல் திறந்து, பாத்திரத்தின் பெயர் இருந்த இடத்தில் ஆவுடையப்பன் என்று எழுதினாள்.

ஒன்பது நாள் ஆயிற்று எழுதி முடிக்க. அம்பாசமுத்திரத்தில் பிறந்தது, அப்பா அடித்தது, அவளைப் பெண்பார்க்க வந்தபோது பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமலே போனது, அவளுக்கு டைபாய்டு வந்தபோது கடையைப் பூட்டிவிட்டுப் பன்னிரண்டு நாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது, எல்லாம். கடைசியாகத் திருப்புளியைக் கீழே வைத்த காட்சியை ஓட்டினாள். ஆயிரத்துக்கு நான்கு. எண்ணுக்குக் கீழே ஏன்மானி வழக்கமான வரியைக் காட்டியது: விடுபட்ட காட்சி உண்டு.

சினிமாவுக்கு அது நியாயமான வரி. சினிமாவில் ஒரு ஆள் என்பது எழுதிய பக்கங்கள் மட்டும்தான். எண் குறைந்தால் ஏதோ ஒரு பக்கத்தை எழுதாமல் விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். சில சமயம் மனுஷன் அப்படித்தான் என்று சொல்ல அந்த இயந்திரத்துக்கு வழியே வைக்கவில்லை. இதெல்லாம் பூங்கோதைக்குத் தெரியும், தெரிந்தும் அவள் அந்த வரியைத் தன் புருஷனைப் பற்றிய துப்பு என்று எடுத்துக்கொண்டாள். விடுபட்ட காட்சி என்னவாக இருக்கலாம் என்று ஏன்மானி மூன்று யோசனையும் சொல்லியிருந்தது. வேறொரு பெண், மறைத்த நோய், யாரோ மிரட்டியது.

அதன்பிறகு அந்த வீட்டில் சோறு இறங்கவில்லை. பழைய சட்டைப் பைகளைத் துழாவினாள். டாக்டரிடம் போய் ரத்தப் பரிசோதனைத் தாள்களைக் கேட்டாள். உப்பளத்து முதலாளிக்குப் போன் போட்டு, தன் புருஷனைத் தேடி யார் யார் வந்தார்கள் என்று விசாரித்தாள். ஆவுடையப்பன் ரசத்தைப் பிசைந்துகொண்டே, தெரியலை பூங்கோதை, தெரியலை என்று திரும்பத் திரும்பச் சொன்னான். இரண்டு மாதத்தில் இடுப்பு பெல்ட்டில் புதிதாக ஒரு துளை போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவனே வந்து எதிரில் உட்கார்ந்தான். உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்துச் சொல்லி முடித்தான். ஜெசிந்தா என்று ஒருத்தி. படிக்கிற கண்ணாடி வாங்கக் கடைக்கு வந்தவள். காலொடிந்த பழைய கண்ணாடியைத் தையல் நூலால் கட்டிப் போட்டிருந்தாள். அதைப் பழுதுபார்த்துக் கொடுத்ததில் பழக்கமாகிவிட்டது. திடீரென்று தூத்துக்குடிக்கு மாற்றலாகிப் போய்விட்டாள். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. பின்னாலேயே போனான். போய்ப் பார்த்தால் அவள் தன் புருஷனோடு சேர்ந்துவிட்டிருந்தாள். திரும்பி வர முகமில்லாமல் அங்கேயே கிடந்தான். தரையைப் பார்த்தபடி, தடுமாறாமல், ஒரே மூச்சில் சொன்னான்.

பூங்கோதை அழுதாள். இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அலுவலகத்துக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஜெசிந்தாவைப் "படம் 41"-இல் சேர்த்தாள். தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று.

அந்த எண்ணைப் பார்த்ததும் அவளுக்கு வந்தது நிம்மதி. வெட்கப்பட வேண்டிய நிம்மதிதான், ஆனால் மூன்று வருஷத்தில் முதல் தடவையாக நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. பெண்தானே, பெண் என்றால் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

ஓர் ஓட்டையை அடைத்தால் மற்ற காட்சிகளையும் ஏன்மானி தானாகவே ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கும். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தபோது அடுத்த எண் வந்து விழுந்தது. வீட்டுக்குத் திரும்பி வந்து வாசலில் நின்ற காட்சி, முன்பு எண்ணூற்று எண்பது இருந்தது, இப்போது பதினொன்று. ஜெசிந்தாவுக்காகக் கடையைப் போட்டுவிட்டு ஓடியவன், அவள் இல்லை என்றான பிறகும் பூங்கோதையிடம் திரும்பி வர மாட்டான் என்றது ஏன்மானி. தொள்ளாயிரத்து எண்பத்தொன்பது தடவை உப்பளத்திலேயே இருந்துவிட்டான்.

போன ஓட்டையைவிட இது ஆழமாக வலித்தது. அவன் போனதற்குத்தான் இத்தனை நாள் காரணம் தேடினாள். வந்ததற்குக் காரணம் தான்தான் என்று கேட்காமலே நம்பியிருந்தாள். அதையும் இப்போது இயந்திரம் பிடுங்கிக்கொண்டது. எப்படியாவது அதை அடைக்க வேண்டும் என்று தோன்றியது. உட்கார்ந்து பார்த்தாள், சொந்தக் கதையில் அவள் கை ஓடவில்லை. சேவியரிடம் போகலாம் என்று முடிவு செய்தாள்.

சேவியர் அவளிடம் ஏழு வருஷம் உதவியாளனாக இருந்தவன். இப்போது வடபழனியில் ஒரு ஜூஸ் கடைக்கு மேலே தனியாக அலுவலகம் போட்டிருக்கிறான். மாடியேறிப் போனால் கூடத்தில் ஐந்தாறு பேர் நாற்காலியில் காத்திருந்தார்கள். சினிமாக்காரர்களாகத் தெரியவில்லை. ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர், பேங்க் அதிகாரி போல ஒரு அம்மாள், கல்லூரிப் பையை மாட்டிய ஒரு பெண். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

பூங்கோதை பெயர்களையெல்லாம் மாற்றித்தான் எடுத்துப் போயிருந்தாள். கண்ணாடிக் கடையைக் கைக்கடிகாரக் கடையாக்கியிருந்தாள், தூத்துக்குடியை நாகப்பட்டினமாக்கியிருந்தாள். கதாநாயகன் திரும்பி வருகிற இடத்தில் ஓட்டை இருக்கிறது, நீ ஒரு பார்வை பார் என்று கொடுத்தாள். சேவியர் இரண்டு பக்கம் படித்தான். மூன்றாவது பக்கத்தைத் திருப்பாமல் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எழுந்து போய் அறைக்கதவைச் சாத்தினான்.

"அக்கா, இது நான் எழுதினது" என்றான்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். ஏன்மானிக்குக் குடும்பப் பதிப்பு என்று ஒன்று கைபேசியில் வந்து ஒரு வருஷமாகிறது. புருஷனைப் பெண்டாட்டி ஓட்டிப் பார்க்கிறாள், மகனை அப்பா ஓட்டிப் பார்க்கிறார். எண் குறைகிறவர்கள் வேறு வழி தெரியாமல் இங்கே வருகிறார்கள். வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள்தான். சினிமா வேலையைவிட இப்போது இந்த வேலைதான் அதிகம். அந்த இயந்திரம் மனுஷனைக் கற்றுக்கொண்டதே நாம் அடைத்துக் கொடுத்த படங்களைப் பார்த்துத்தானே, அதனால் நம்மை மாதிரி ஆட்கள் எழுதினால்தான் அது ஒத்துக்கொள்கிறது என்றான்.

"அவர் எப்ப வந்தாரு?"

"நாலு வாரம் முன்னாடி."

வந்து ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாராம். பிறகு, தான் போனதற்கு ஒரு காரணம் வேண்டும், தன்னால் கண்டுபிடிக்க முடியவில்லை, ஆனால் அவள் அது இல்லாமல் செத்துக்கொண்டிருக்கிறாள் என்றாராம். சேவியர் முதலில் நோய் ஒன்றைச் சொன்னான். வேண்டாம், அவள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைவாள் என்றார். யாரோ மிரட்டினார்கள் என்று எழுதவா என்றான். அதுவும் வேண்டாம், ராத்திரி தூங்க மாட்டாள் என்றார். கடைசியில் அவரே பெண்ணைத் தேர்ந்தெடுத்தார்.

"'இதுன்னா அவ எம்மேல கோபப்படுவா. கோபம் என்னைக்காவது தீர்ந்துடும் தம்பி'ன்னாரு."

பூங்கோதை மேசைமேல் கவிழ்ந்து கிடந்த தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கே அடைத்தால் அந்தப் பக்கம் ஒழுகும் என்பது சேவியருக்குத் தெரியாதா என்று கேட்டாள். அவள் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே அதுதான்.

"சொன்னேங்க்கா. திரும்பி வந்ததுக்கும் ஒண்ணு எழுதிடலாம், இல்லன்னா எண் விழுந்துடும்னேன். அதுக்கு மட்டும் ஒத்துக்கல. 'எதுக்கு வந்தேன்னு எனக்கு நல்லாத் தெரியும், அதுல பொய் கலக்க வேண்டாம்'னுட்டாரு."

எதற்கு வந்தாராம் என்று அவள் கேட்டாள். அதை நான் கேட்கவில்லை அக்கா, கேட்கிற மாதிரி அவர் முகம் இல்லை என்றான் சேவியர்.

நடந்தே வீட்டுக்குப் போனாள். நூறடிச் சாலையின் இரைச்சலில் அழுதால் யாருக்கும் கேட்காது, அது ஒரு வசதி. கூச்சம் பிடித்த மனுஷன், பூக்காரியிடம் பேரம் பேசத் தெரியாதவன், அந்த மாடியேறிப் போய் அந்த நாற்காலிகளில் ஒன்றில் காத்திருந்திருக்கிறான். பண்ணாத தப்பைப் பண்ணினேன் என்று மனப்பாடம் செய்து வந்து சொல்லியிருக்கிறான். உனக்குப் பதில் தெரியாது என்றால் நீ ஓட்டை என்று அவனைச் சொல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தோமே என்று நினைத்துக்கொண்டே நடந்தாள்.

எனக்குத் தெரிந்துவிட்டது என்று சொல்லிவிட நினைத்தாள். சொன்னால் அவன் பட்ட பாடு வீண். ஜெசிந்தா போய்விடுவாள், அந்தச் செவ்வாய்க்கிழமை மறுபடி நடுக்கூடத்தில் வந்து நிற்கும். இனி அதைத் தன்னால் தாங்க முடியும் என்று அவளுக்குத் தோன்றியது. அவனால் முடியுமா? இவள் வாய்விட்டுக் கேட்காமல் இருந்தாலும் மனதுக்குள் கேட்டுக்கொண்டுதானே இருப்பாள் என்று அவன் ஒவ்வொரு வேளைச் சோற்றையும் பயந்து பயந்து சாப்பிடுவான். வாசலில் செருப்பைக் கழற்றும்போது முடிவு செய்துவிட்டாள்.

ஆவுடையப்பன் சோபாவின் நுனியில், டாக்டர் கூப்பிடக் காத்திருப்பவன்போல உட்கார்ந்திருந்தான். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அந்த ஜெசிந்தா விஷயத்த நான் மன்னிச்சுட்டேங்க. இனிமே அதப் பத்திக் கேக்க மாட்டேன்."

அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். இத்தனை வருஷத்தில் அவன்மேல் இவ்வளவு பிரியம் வந்ததில்லை, அதை அவனிடம் சொல்லவும் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். கோபம் தீர ஐந்தாறு மாதமாவது ஆகும் என்று சேவியர் அவனிடம் சொல்லி அனுப்பியிருந்தான். அவன் ஜெசிந்தா கதையைச் சொல்லி எட்டு நாள்தான் ஆகியிருந்தது.

"எப்படி மன்னிச்சே?"

"தெரியலைங்க. மன்னிக்கணும்னு தோணிச்சு."

சொன்னபிறகுதான் தன் வாயிலிருந்து வந்த வார்த்தை அவள் காதில் விழுந்தது. அவன் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பேரும் சாப்பிட்டார்கள், நாள்கள் சுமுகமாகப் போயின. அடுத்த செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு அவள் கடைக்குப் போன் போடவில்லை. போட வேண்டும் என்று தோன்றவே இல்லை. பதினொன்றரைக்கு அவளுடைய போன் அடித்தது.

"ஏன் இன்னைக்குப் போன் பண்ணல?" என்று கேட்டான் ஆவுடையப்பன். வேலையாக இருந்துவிட்டேன் என்றாள். எந்த வேலையாக இருந்தாலும் பண்ணுவாயே என்றான்.

அன்று சாயங்காலம் அவன் சீக்கிரமே கடையை அடைத்துவிட்டு வந்திருந்தான். கூடத்தில் கைபேசியை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒற்றை விரலால் எதையோ எழுதிக்கொண்டிருந்தான். அவள் காபியைக் கொண்டுவந்து வைத்தாள். நிமிராமலே, நீ பிறந்தது கல்லிடைக்குறிச்சியிலா, இல்லை பிறகுதான் அங்கே குடிவந்தீர்களா என்று கேட்டான். அங்கேதான் பிறந்தேன் என்றாள். உனக்கு டைபாய்டு வந்தது எந்த வருஷம் என்றான். அதையும் சொன்னாள். சொல்லிவிட்டு அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

குடும்பப் பதிப்பு. பாத்திரத்தின் பெயர் என்ற இடத்தில் பூங்கோதை என்று இருந்தது. வேலைக்குப் போனது, கல்யாணம், பதினான்கு மாதம் தனியாக இருந்தது என்று வரிவரியாக எழுதியிருந்தான். கடைசிக் காட்சியாக, தனக்குத் துரோகம் செய்த கணவனை எட்டே நாளில் மன்னிக்கிறாள் என்று போட்டிருந்தான். அவள் அவன் கையைப் பிடிக்கப் போவதற்குள் அவன் ஓட்டும் பொத்தானை அழுத்திவிட்டான்.

ஆயிரத்துக்கு இரண்டு. அதற்குக் கீழே அந்த வழக்கமான வரி வந்தது. ஆவுடையப்பன் அதை இரண்டு முறை படித்தான். கண்ணாடியைக் கழற்றி, அவளைப் பார்த்துக் கேட்டான்.

"பூங்கோதை, எங்கிட்ட எதையாவது மறைக்கிறியா?"

இத்தனை வருஷத்தில் அந்த இயந்திரம் முதல் தடவையாகச் சரியாகச் சொன்னது இப்போதுதான். விடுபட்ட காட்சி ஒன்று இருக்கத்தான் செய்தது. ஜூஸ் கடை மாடியில், கதவைச் சாத்திய அறையில் நடந்த காட்சி. அதை இவனிடம் மட்டும் சொல்ல முடியாது.

"ஒண்ணும் இல்லைங்க" என்றாள் பூங்கோதை.

அவன் தலையாட்டினான். அவள் சொன்னதை நம்பவில்லை என்பது அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.